டேப்லெட்டில் இடம் குறைவது ஏன்? காரணங்களும் நிவர்த்தி முறைகளும்

மண் பரிசோதனை அட்டையும் வங்கிப் பாஸ் புத்தகமும் இருந்த பையில் இன்று டேப்லெட்டும் இடம் பிடித்துவிட்டது. தமிழக அரசின் ‘உழவன்’ செயலி 2018-ம் ஆண்டிலும், வானிலை ஆலோசனை தரும் ‘மேகதூத்’ செயலி 2019-ம் ஆண்டிலும் வெளிவந்தன. மானியத்துக்குப் பதிவு செய்வது, சந்தை விலையைத் தெரிந்துகொள்வது, பூச்சி தாக்கிய இலையைப் படம் எடுத்து வேளாண்மை அலுவலருக்கு அனுப்புவது ஆகிய வேலைகளை வரப்பில் நின்றபடியே முடித்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் இந்தக் கருவியில் ஒரு தொல்லை பரவலாகக் காணப்படுகிறது. புதிய செயலி எதையும் ஏற்றியிருக்க மாட்டோம். படமும் எடுத்திருக்க மாட்டோம். இருந்தும் வாரத்துக்கு வாரம் உள்ளே காலி இடம் குறைந்துகொண்டே வரும். ஒரு நாள் ‘இடம் போதவில்லை’ என்ற அறிவிப்பு வந்து நிற்கும். அதன் பிறகு காமிராவும் ஓடாது, செயலியும் திறக்காது.

இதைச் சிறு தொல்லை என்று விட்டுவிடுவதற்கில்லை. 2016-ம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். அறுத்து வயலிலேயே உலரப் போட்ட பயிர், அறுத்த 14 நாட்களுக்குள் புயல் மழையிலோ பருவம் தவறிய மழையிலோ சேதமானால், இந்தப் பிரிவு அறிவிக்கை செய்யப்பட்டுள்ள பகுதிகளில் இழப்பீடு கோரலாம். ஆனால் சேதம் நேர்ந்த 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் டேப்லெட் படம் எடுக்க மறுத்தால் என்ன ஆகும்? பதற்றத்தில் கையில் அகப்பட்டதை எல்லாம் அழிக்கத் தோன்றும். அப்படி அழிப்பதில் போன மாதம் எடுத்த பயிர்ப் படமும், நடவுச் செலவுக் குறிப்பும் சேர்ந்து போய்விடுவது உண்டு. இடம் குறைவதால் வரும் நஷ்டத்தைவிட, காரணம் தெரியாமல் அழிப்பதால் வரும் நஷ்டமே பெரிது.

ஆகவே, அழிப்பதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். ஏரியில் தண்ணீர் குறைந்தால் மதகு வழியே போகிறதா, கரையில் கசிகிறதா, வெயிலில் வற்றுகிறதா என்று பார்த்த பிறகே மண்வெட்டியைத் தூக்குகிறோம். இங்கும் அதே முறைதான். கீழே கூறப்படுபவை ஆண்ட்ராய்டு வகை டேப்லெட்டுகளுக்கு உரியவை. கம்பெனிக்குக் கம்பெனி பெயர்கள் சற்று மாறினாலும் முறை ஒன்றே.

பெட்டியில் 32, உள்ளே எவ்வளவு?

பெட்டியின் மேல் 32 ஜி.பி. என்று அச்சிட்டிருந்தால் அது முழுவதும் நம் உபயோகத்துக்கு என்று எண்ணக் கூடாது. கருவியை இயக்கும் ஆண்ட்ராய்டும், கம்பெனி வைத்து அனுப்பும் செயலிகளும் 10 ஜி.பி.க்கு மேலும் எடுத்துக்கொள்ளும். இது கசிவு அல்ல. வீட்டில் சுவரும் தூணும் எடுத்துக்கொள்ளும் இடம் போன்றது.

மேலும், 32 ஜி.பி. என்று கம்பெனி கூறுவது 3,200 கோடி பைட்டுகளை. விண்டோஸ் கம்ப்யூட்டர் ஒரு ஜி.பி. என்பதை சுமார் 107 கோடி பைட்டாகக் கணக்கிடுவதால், அதே 32 அங்கே 29.8 என்று காட்டும். பழைய மரக்காலும் புது லிட்டரும் ஒத்துவராததுபோல் இது அளவுக் கருவியின் வித்தியாசம். நெல் குறையவில்லை.

ரேம் என்று சொல்லப்படும் 3 ஜி.பி., 4 ஜி.பி. வேறு. அது வேலை நடக்கும்போது மட்டும் பயன்படும் களம். திறந்திருக்கும் செயலிகளை மூடினால் ரேமில் இடம் கிடைக்கும். படமும் வீடியோவும் இருக்கும் சேமிப்பு இடத்தில் அதனால் மாற்றம் வராது.

இதுபோலவே, ‘கூகுள் சேமிப்பு நிரம்பிவிட்டது’ என்று வரும் அறிவிப்பும் டேப்லெட்டைப் பற்றியது அல்ல. கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யை மின்னஞ்சல், டிரைவ், போட்டோஸ் ஆகிய மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1 முதல் ஏற்றப்படும் படங்களும் இந்தக் கணக்கில் சேருகின்றன. அறிவிப்பு எதைப் பற்றியது என்று படித்துப் பார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

கணக்கு எடுக்கும் முறை

செட்டிங்ஸ் பகுதியில் ‘ஸ்டோரேஜ்’ என்பதைத் திறந்தால் செயலிகள், படங்கள், வீடியோக்கள், ஆவணங்கள், சிஸ்டம் என இனம் இனமாக எவ்வளவு இடம் பிடித்துள்ளன என்று காட்டும். இதை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொள்ள வேண்டும். ஒரு வாரம் கழித்து மீண்டும் எழுத வேண்டும். இரண்டையும் கழித்துப் பார்த்தால் வளர்ந்த இனம் தெரிந்துவிடும்.

உதாரணமாக, 32 ஜி.பி. டேப்லெட்டில் சிஸ்டம் 14, செயலிகள் 6, படங்கள் 3, வீடியோக்கள் 4, மற்றவை 2 என்று இருந்தால் மொத்தம் 29. மீதி 3 ஜி.பி. மறு வாரம் மீதி இரண்டரை என்று இருந்து, வீடியோ மட்டும் நாலரை ஆகியிருந்தால், கசிவு வீடியோ பக்கம் என்பது உறுதி. மற்ற பகுதிகளைத் தொட வேண்டியதில்லை.

கணக்கு எடுக்கும் முன் கருவியை ஒருமுறை அணைத்துப் போடுவது நல்லது. ஒரு கோப்பை நாம் அழித்த பிறகும், ஏதாவது ஒரு செயலி அதைத் திறந்து வைத்திருந்தால், அந்தச் செயலி விடும்வரை இடம் காலியாகாது. அணைத்துப் போட்டதும் அப்படித் தங்கி நின்ற இடம் விடுபடும். மாதக் கணக்கில் அணைக்காமலே ஓடும் கருவிகளில் இதனால் பலன் தெரியும்.

குப்பைத் தொட்டியில் தங்கும் படங்கள்

‘நிறையப் படங்களை அழித்தேன். இடம் கூடவில்லை’ என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. அழித்த படம் உடனே போய்விடுவதில்லை. தவறுதலாக அழித்திருந்தால் மீட்டுக்கொள்ள வசதியாக, ‘டிராஷ்’ எனப்படும் குப்பைத் தொட்டியில் கிடக்கும். கூகுள் போட்டோஸ் செயலியில், கூகுள் கணக்கில் நகல் ஏறிய படம் 60 நாட்களும், நகல் ஏறாத படம் 30 நாட்களும் இப்படி இருக்கும். கேலரி, ஃபைல்ஸ் ஆகிய செயலிகளிலும் தனித்தனித் தொட்டிகள் உண்டு.

தொட்டியைக் காலி செய்யும் முன் ஒருமுறை உள்ளே பார்த்துவிட வேண்டும். காலி செய்த பிறகு மீட்பது அரிது.

வாட்ஸ்அப் குழுக்கள்

பெரும்பாலான கருவிகளில் இடத்தைக் குறைக்கும் முக்கியக் காரணம் இதுவே. குழுவில் வரும் படமும் வீடியோவும் நாம் திறந்து பார்க்காவிட்டாலும் தானாக இறங்கிவிடும். ஒரு நாளைக்கு 100 படங்கள், ஒவ்வொன்றும் 200 கே.பி. என்று வைத்துக்கொண்டால் 20 எம்.பி. ஆகிறது. ஐந்து வீடியோக்கள், ஒவ்வொன்றும் 10 எம்.பி. என்றால் 50 எம்.பி. ஆகிறது. ஆக நாளொன்றுக்கு 70 எம்.பி. மாதத்துக்கு 2 ஜி.பி.க்கு மேல். மேலே கூறிய உதாரணத்தில் மீதி இருந்த 3 ஜி.பி. ஒன்றரை மாதம்கூடத் தாங்காது.

நாம் எடுத்த படத்தைக் குழுவில் போடும்போதும் இடம் போகிறது. காமிராவில் எடுத்த அசல் ஒரு பக்கம் இருக்க, அனுப்பிய நகல் வாட்ஸ்அப்பின் ‘சென்ட்’ பகுதியில் தனியாக இருக்கும். இது தவிர, உரையாடல்களின் காப்பு நகலையும் கடந்த சில நாட்களுக்கு வாட்ஸ்அப் கருவிக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்.

போனில் உள்ள வாட்ஸ்அப்பையே டேப்லெட்டிலும் இணைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். ஒரே படம் இரண்டு கருவிகளிலும் இறங்கக்கூடும். போனின் கேலரியில் அழித்த படத்தின் நகல் டேப்லெட்டில் அப்படியே இருக்கும்.

நிவர்த்தி: வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ‘ஸ்டோரேஜ் அண்டு டேட்டா’ பகுதிக்குச் சென்று, ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ என்பதைத் திறக்க வேண்டும். 5 எம்.பி.க்கு மேற்பட்டவை, பலமுறை அனுப்பப்பட்டவை எனப் பிரித்துக் காட்டும். எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்துள்ளது என்பதும் தெரியும். பெரிய வீடியோக்களை முதலில் நீக்க வேண்டும். பிறகு, படமும் வீடியோவும் தானாக இறங்கும் ஏற்பாட்டை நிறுத்திவிட வேண்டும். வேண்டியதைத் தொட்டால் மட்டும் இறங்கும். வருவதை நிறுத்தாமல் இருப்பதை மட்டும் அழிப்பது, மடையை அடைக்காமல் நீரை இறைப்பது போன்றது.

செயலிக்குள் மறைந்திருப்பவை

யூடியூபில் ‘டவுன்லோட்’ செய்த விவசாய வீடியோக்கள் கேலரியில் தெரியாது. அவை யூடியூப் செயலியின் கணக்கிலேயே சேரும். இணையம் கிடைக்காத இடத்துக்கு என்று இறக்கி வைத்த கூகுள் மேப் வரைபடங்களும் அப்படியே. ஸ்டோரேஜ் பகுதியில் செயலிகளை அளவுப்படி வரிசையாகப் பார்த்தால் எந்தச் செயலி பெருத்திருக்கிறது என்பது விளங்கும். அந்தச் செயலியைத் திறந்து, அதன் ‘டவுன்லோட்ஸ்’ பகுதியில் தேவையற்றதை நீக்கலாம்.

ஒவ்வொரு செயலியும் வேகமாக இயங்குவதற்காகத் தற்காலிகக் கோப்புகளைச் சேர்த்து வைக்கும். இதற்குக் ‘கேஷ்’ என்று பெயர். செயலியின் பக்கத்தில் ‘கிளியர் கேஷ்’ என்பதை அழுத்தினால் இது நீங்கும். கெடுதல் இல்லை. உபயோகிக்க உபயோகிக்க மீண்டும் சேரும்.

அதன் பக்கத்திலேயே ‘கிளியர் டேட்டா’ அல்லது ‘கிளியர் ஸ்டோரேஜ்’ என்று இன்னொன்று இருக்கும். இதை அழுத்தவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. அழுத்தினால் அந்தச் செயலி புதிதாக ஏற்றியதுபோல் வெறுமையாகிவிடும். இணையம் கிடைக்காததால் இன்னும் அனுப்பப்படாமல் உள்ளே காத்திருக்கும் பதிவுகளும் படங்களும் அழிந்துவிடும். வயலில் எடுத்த விவரங்களை ஊருக்குத் திரும்பி வந்து அனுப்புபவர்கள் இதில் மிகவும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

வேறு பெயரில் உள்ள கணக்கு

ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தனித்தனியாகப் பயன்படுத்தும் வசதி 2012-ம் ஆண்டிலிருந்தே உண்டு. பிள்ளைகள் படிப்புக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, அதில் விளையாட்டும் படமும் ஏற்றியிருக்கலாம். அவை நம் கேலரியில் தெரியமாட்டா. ஆனால் இருப்பது ஒரே குதிர்தான். எல்லாக் கணக்குகளையும் கூட்டினாலும் மொத்தத்தோடு ஒத்துவரவில்லை என்றால், செட்டிங்ஸில் ‘யூசர்ஸ்’ பகுதியைப் பார்க்க வேண்டும். குழுவுக்குப் பொதுவான டேப்லெட்டுகளில் இதை அவசியம் கவனிக்க வேண்டும். தேவையற்ற கணக்கை நீக்கினால் அதில் உள்ள அனைத்தும் போய்விடும். உரியவரிடம் கேட்டுக்கொண்டே செய்ய வேண்டும்.

மெமரி கார்டு கோளாறுகள்

கார்டு போட்டிருந்தும் உள் இடம் குறைகிறது என்றால் மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, கார்டு சரியாக உட்காராதது. தூசியாலும் அதிர்ச்சியாலும் தொடர்பு விட்டுவிட்டால், பல கருவிகளில் காமிரா சொல்லாமலே உள் சேமிப்புக்கு மாறிக்கொள்ளும். அதன் பிறகு எடுக்கும் படங்கள் எல்லாம் உள்ளேயே சேரும். கருவியை அணைத்து, கார்டை எடுத்து, உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்துப் போட வேண்டும். பிறகு காமிரா செட்டிங்ஸில் சேமிக்கும் இடம் ‘எஸ்.டி. கார்டு’ என்று இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, சிறு கோப்புகள் பிடிக்கும் அதிகப்படி இடம். கார்டில் இடம் சிறு சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டத்தில் பாதி நிரம்பினாலும் முழுக் கட்டமும் போனதுதான். அரை மூட்டை நெல்லும் ஒரு மூட்டையின் இடத்தை அடைப்பதுபோல. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளில் ஒரு கட்டம் 128 கே.பி. வரை இருப்பது உண்டு. அதில் 10 கே.பி. சிறு படம் 10,000 இருந்தால், உண்மை அளவு 100 எம்.பி.தான். ஆனால் பிடிக்கும் இடம் 1 ஜி.பி.க்கு மேல் ஆகிவிடும்.

மூன்றாவது, போலிக் கார்டுகள். மேலே 128 என்று எழுதியிருக்கும். டேப்லெட்டும் 128 என்றே காட்டும். உள்ளே இருப்பதோ 8 ஜி.பி.யாக இருக்கும். அது நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் திறக்காது, அல்லது பழைய படங்களைக் கெடுத்துவிடும். மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கார்டுகளில் இந்த ஆபத்து உண்டு. புதிதாக வாங்கிய கார்டில் அது நிரம்பும் அளவுக்கு வீடியோக்களை நகல் எடுத்துப் போட்டு, கடைசியில் போட்டவை ஓடுகின்றனவா என்று சோதித்த பிறகே முக்கியமான படங்களை அதில் வைக்க வேண்டும். விதையை முளைப்புத் திறன் பார்த்து விதைப்பதுபோல் இதையும் வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

கார்டைப் போடும்போது ‘உள் சேமிப்பாகப் பயன்படுத்தவா?’ என்று சில கருவிகள் கேட்கும். சம்மதித்தால் கார்டில் உள்ளவை அழிக்கப்பட்டு, அந்தக் கருவியில் மட்டுமே படிக்கும்படி பூட்டப்படும். கருவி பழுதானால் கார்டை வேறொன்றில் போட்டுப் படங்களை எடுக்க முடியாது. பயிர்ப் படங்கள் வைக்கும் கார்டுக்கு இது ஏற்றதல்ல.

அவசர காலத்தில் செய்ய வேண்டியவை

சேதமான பயிரின் முன் நிற்கும்போது நிதானமாகக் கணக்குப் பார்க்க நேரம் இராது. அப்போது கீழ்க்கண்ட வரிசையில் செய்யலாம்.

1. டவுன்லோட்ஸ் பகுதியில் உள்ள பழைய வீடியோ ஒன்றிரண்டை நிரந்தரமாக அழிக்கவும். முழு எச்.டி. வீடியோ ஒரு நிமிடத்துக்கே 100 எம்.பி. அளவில் இருக்கும். ஒன்றை அழித்தால் 20, 30 படங்களுக்கு இடம் கிடைக்கும்.

2. குழுவில் வந்த பெரிய வீடியோக்களை வாட்ஸ்அப் ‘மேனேஜ் ஸ்டோரேஜ்’ வழியாக நீக்கவும்.

3. குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டுக் காலி செய்யவும்.

4. அப்போதும் முடியாவிட்டால், பக்கத்து வயல்காரரின் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளவும். தகவலைத் தாமதிக்க வேண்டாம். பயிர்க் காப்பீட்டு உதவி எண் 14447-க்குப் பேசலாம். கடன் பெற்ற வங்கியிலோ, வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவிக்கலாம். 72 மணி நேரம் என்பது தகவலுக்கு உரிய கெடு. படம் அனுப்ப முடியவில்லை என்பதற்காகத் தகவலை நிறுத்தி வைக்கக் கூடாது.

செய்யக் கூடாதவை

கூகுள் போட்டோஸில் நகல் ஏறிய படத்தை அந்தச் செயலியிலேயே அழித்தால், டேப்லெட்டில் இருப்பதும் கூகுள் கணக்கில் இருப்பதும் இரண்டுமே போய்விடும். டேப்லெட்டில் மட்டும் நீக்குவதற்கு ‘ஃப்ரீ அப் ஸ்பேஸ்’ என்ற தனி வழி அதே செயலியில் உள்ளது. அதையே பயன்படுத்த வேண்டும்.

‘ஒரே அழுத்தில் இடத்தைச் சுத்தம் செய்யும்’ என்று விளம்பரம் வரும் செயலிகளை ஏற்றக் கூடாது. அவையும் இடம் பிடிக்கும். விளம்பரமும் காட்டும். கூகுளின் ‘ஃபைல்ஸ்’ செயலியே இந்த வேலைக்குப் போதும்.

அரசுத் திட்டங்களின் பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைத் திறக்கக் கூடாது. இடம் போவது ஒரு புறம். வங்கிப் பணமே போகக்கூடும். வந்திருந்தால் உடனே நீக்கிவிட வேண்டும்.

பெயர் தெரியாத கோப்பு என்பதற்காகச் சிஸ்டம் பகுதியில் கை வைக்கக் கூடாது.

வருமுன் காத்தல்

மாதம் ஒரு நாளை இதற்கென ஒதுக்குவது நலம். அன்று காலி இடத்தை நோட்டில் எழுத வேண்டும். மொத்தக் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்காவது, அதாவது 32 ஜி.பி. கருவியில் 3 ஜி.பி. எப்போதும் காலியாக இருக்கட்டும். பயிர்ப் படங்கள், பட்டா, அடங்கல், காப்பீட்டு ரசீது ஆகியவற்றின் படங்களைத் தனி ஃபோல்டரில் வைத்து, பென் டிரைவிலோ கம்ப்யூட்டரிலோ ஒரு நகல் எடுத்துக்கொள்ள வேண்டும். நகல் திறக்கிறதா என்று பார்த்த பிறகே அசலை நீக்கலாம்.

மேற்கூறிய எல்லாம் செய்த பிறகும் இடம் குறைந்துகொண்டே போனால், கருவியை முழுவதும் அழித்துப் புதிதுபோல் ஆக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’ முறை உண்டு. உள்ளே உள்ள அனைத்தும் போய்விடும் என்பதால் இது கடைசி வழி. நகல் எடுத்து முடித்த பிறகு, விவரம் தெரிந்தவரை அருகில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். கடைக்காரரிடம் கொடுப்பதானாலும், நகல் நம் கையில் வந்த பின்னரே கொடுக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் வாய்க்காலைத் தூர் வாருவதுபோல், அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே டேப்லெட்டையும் பார்த்து இடம் ஒதுக்கி வைத்துக்கொண்டால், வேண்டிய நேரத்தில் அது கை கொடுக்கும்.